ஜப்பானியர் வரலாறு: முதல்முறை படிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய வரலாற்றைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் சாமுராய்களிடமிருந்து தொடங்குகிறார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் வருகின்றன. ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகள் கிடைக்கின்றன. படித்த ஊர் வரைபடத்தில் இருப்பதில்லை. அதோடு புத்தகம் மூடப்படுகிறது. பெயர், ஆண்டு, இடம் இந்த மூன்றையும் முதலிலேயே பழக்கிக்கொண்டால் மீதி வழி நடக்கக்கூடியதுதான்.

கூடவே ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் காலத்தில் “நம்மவர்” கணக்கில் யாரைச் சேர்த்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள்? அரசர் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வி அதிகம் சொல்லித்தரும். “ஜப்பானியர்” என்ற சொல்லின் எல்லை நூற்றாண்டுதோறும் நகர்ந்திருக்கிறது.

முதலில் வரைபடம்

ஒரு வெள்ளைத்தாளில் ஹொக்கைடோ, ஹொன்ஷூ, ஷிகோக்கு, கியூஷூ ஆகிய நான்கு பெரிய தீவுகளையும், தெற்கே தைவானை நோக்கிச் சங்கிலிபோல் இறங்கும் ரியூக்யூ தீவுகளையும் கையால் வரையுங்கள். நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலை. மக்கள் நெருங்கி வாழ்ந்ததும் அதிகாரம் குவிந்ததும் சில சமவெளிகளில்தான்: கியூஷூவின் வடகரையில் ஹகாட்டா, நாராவும் கியோட்டோவும் ஒசாகாவும் இருக்கும் கினாய், நகோயா இருக்கும் நோபி, இன்றைய டோக்கியோ இருக்கும் கான்டோ. இவற்றுக்குக் கட்டம் போடுங்கள். கியூஷூவுக்கும் கொரியாவுக்கும் நடுவே ட்சுஷிமா தீவைக் குறியுங்கள். அங்கிருந்து கொரியக் கரை சுமார் 50 கிலோமீட்டர்தான். நெல், இரும்பு, எழுத்து, பௌத்தம் எல்லாம் இந்த வழியாக வந்தவை.

அடுத்து, இன்றைய செண்டாய் நகருக்கு அருகே தாகாஜோ என்று எழுதி, அதற்கு வடக்கே பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். 724இல் நாரா அரசவை அங்கே கோட்டை கட்டியது. அதற்கு அப்பால் வாழ்ந்தவர்களை “எமிஷி” என்று அழைத்து, அடுத்த நூற்றாண்டு வரை அவர்களோடு போரிட்டது. அவர்களின் தலைவர் அதெருய் 802இல் சரணடைந்து கொல்லப்பட்டார். ஹொக்கைடோவுக்கு அந்தப் பெயரே 1869இல்தான் வந்தது. அதற்கு முன் அது “எசோ”, அயினு மக்களின் நிலம். ரியூக்யூ 1429 முதல் 1879 வரை தனி அரசு. இன்றைய நாட்டின் எல்லையை எல்லாக் காலத்துக்கும் ஒரே நிறத்தில் பூசுவதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை.

ஆண்டுக் கணக்கு

ஜப்பானில் ஆண்டுகளுக்குப் பெயர் உண்டு. இதை “நெங்கோ” என்பார்கள். முதல் நெங்கோ 645இல் தொடங்கிய தைக்கா. இப்போது நடப்பது ரெய்வா. நெங்கோவின் முதல் ஆண்டு தெரிந்தால் போதும். அதோடு எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் கிறிஸ்தவ ஆண்டு வந்துவிடும். தெம்போ 1830இல் தொடங்கியது. ஒரு பஞ்ச நினைவுக்கல்லில் “தெம்போ 7” என்றிருந்தால் 1830 + 7 − 1 = 1836. அந்தப் பெரும் பஞ்சத்தின் உச்ச ஆண்டுகளில் ஒன்று.

அண்மைக் காலத்துக்குக் குறுக்குவழி: மெய்ஜி எண்ணோடு 1867, தைஷோவோடு 1911, ஷோவாவோடு 1925, ஹெய்செயோடு 1988, ரெய்வாவோடு 2018 கூட்டுங்கள். ஷோவா 20 என்றால் 1945.

இதில் தவறு நுழையும் இடங்கள் நான்கு.

ஒன்று, ஆண்டு நடுவிலேயே பெயர் மாறும். 1989 ஜனவரி 7 வரை ஷோவா 64. மறுநாளிலிருந்து ஹெய்செய் 1. ஒரே கிறிஸ்தவ ஆண்டுக்கு இரண்டு பெயர் இருப்பது இயல்பு. 1868க்கு முன் ஒரே பேரரசர் காலத்திலேயே பலமுறை மாற்றியிருக்கிறார்கள். நிலநடுக்கம், தீ, கெட்ட சகுனம், நல்ல சகுனம் எல்லாமே காரணமாகும். ஒரு அரசருக்கு ஒரு பெயர் என்பது மெய்ஜியிலிருந்து வந்த விதி.

இரண்டு, மாதம். 1872 வரை சந்திர மாதக் கணக்கு. மெய்ஜி 5ஆம் ஆண்டு 12ஆம் மாதம் 2ஆம் நாளுக்கு அடுத்த நாளே 1873 ஜனவரி 1 ஆனது. அதற்கு முந்தைய தேதியில் “12ஆம் மாதம்” என்பதை டிசம்பர் என்று எழுதிவிடாதீர்கள். 47 ரோனின்கள் (தலைவனை இழந்த சாமுராய்கள்) தம் தலைவனுக்காகப் பழிவாங்கிய இரவு கென்ரோக்கு 15, 12ஆம் மாதம் 14. பல நூல்களில் 1702 டிசம்பர் 14 என்று அச்சாகியிருக்கிறது. சரியான தேதி 1703 ஜனவரி 30. ஆண்டே மாறிவிடுகிறது.

மூன்று, 1336 முதல் 1392 வரை இரண்டு அரசவைகள், இரண்டு நெங்கோ. அக்கால ஆவணத்தில் எந்த நெங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்பதே எழுதியவர் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நான்கு, “கோக்கி” என்ற கணக்கு. முதல் பேரரசர் ஜிம்மு கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்ற புராணத்தை வைத்து எண்ணுவது. 660ஐக் கழித்தால் கிறிஸ்தவ ஆண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பத்திரிகைகளிலும் அரசுத் தாள்களிலும் “2602” என்று இருப்பது 1942தான். வீட்டில் பழைய பெட்டியில் அப்படி ஒரு தாள் கிடைத்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வயதும் இதோடு சேர்ந்த சிக்கல். பழைய பதிவேடுகளில் பிறந்த குழந்தைக்கு வயது 1. ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். ஆகவே பதிவேட்டு வயதிலிருந்து ஒன்றோ இரண்டோ கழிக்க வேண்டும். ஆண்டின் கடைசி நாளில் பிறந்த குழந்தை மறுநாளே “இரண்டு வயது” ஆகிவிடும்.

பெயர்கள்

குடும்பப்பெயர் முதலில், சொந்தப்பெயர் பின்னால். ஆனால் நோபுநாகா, ஹிதேயோஷி, இயேயாசு போன்ற பழைய ஆளுமைகளைச் சொந்தப்பெயரால்தான் குறிப்பிடுவார்கள். “டொக்குகவா” என்று மட்டும் சொன்னால் அந்தக் குடும்பத்தின் 15 ஷோகுன்களில் (படைத்தலைமை ஆட்சியாளர்களில்) யார் என்று தெரியாது. மிகப் பழைய குலப்பெயர்களுக்குப் பின் “நோ” வரும்: ஃபுஜிவாரா நோ மிச்சிநாகா. நம் ஆறாம் வேற்றுமை உருபுபோல, “ஃபுஜிவாரா குலத்து மிச்சிநாகா” என்று பொருள்.

வாழ்க்கையின் நடுவில் பெயர் மாற்றுவது வழக்கம். மட்சுதைரா மோட்டோயாசுவும் டொக்குகவா இயேயாசுவும் ஒருவரே. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி, எல்லாப் பெயர்களையும் அதிலேயே சேர்த்துக்கொண்டே போங்கள். பேரரசர்களுக்கு இன்று வழங்கும் பெயர் இறந்தபின் சூட்டப்பட்டது. அவர் காலத்து ஆவணத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

தமிழில் குறிப்பெழுதும்போது இன்னொரு எச்சரிக்கை. நம் க, ட, த, ப எழுத்துகள் இரண்டு ஒலிக்கும் பொது. ஜப்பானிய மொழியில் அந்த இரண்டு ஒலிகளும் வேறு வேறு சொற்களை உருவாக்கும். கொஞ்ச நாளாவது ஹிரகானா எழுத்துகளைப் படித்து, பெயருக்கு மேலே அதைக் குறித்துவைப்பது நல்லது. அடிப்படை எழுத்துகள் 46தான்.

“கோக்கு” என்ற அளவை

எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் செல்வம், பதவி, வரி, படைக் கடமை எல்லாம் அரிசியில் எண்ணப்பட்டன. ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர், எடையில் சுமார் 150 கிலோ அரிசி. ஒரு ஆளின் ஓராண்டுச் சாப்பாடு என்பது பொதுக்கணக்கு. 1 கோக்கு = 10 தோ = 100 ஷோ = 1000 கோ. ஜப்பானிய அரிசி குக்கரோடு வரும் 180 மில்லிலிட்டர் கப் அந்த ஒரு “கோ”தான். 10,000 கோக்குவும் அதற்கு மேலும் விளையும் நிலம் பெற்றவரே “டைம்யோ” என்ற சிற்றரசர். கானசாவாவில் இருந்த மாயேதா குடும்பத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்.

இந்த எண் பதிவேட்டில் உள்ள மதிப்பீடு. புதிய கழனி திருத்திய இடங்களில் உண்மை விளைச்சல் இதைவிடக் கூடியிருக்கும், பஞ்ச ஆண்டில் சரிந்திருக்கும். எண்ணை அப்படியே வருமானம் என்று எடுத்துக்கொண்டால் ஏழைச் சிற்றரசரைப் பணக்காரர் என்று எழுத நேரும்.

இனி காலங்களினூடே

ஜோமோன் காலத்தில் தொடங்குங்கள், அவசரப்படாமல். அமோரியில் உள்ள ஓதாய் யாமாமோட்டோ என்ற இடத்தில் கிடைத்த மட்பாண்ட ஓடுகள் ஏறத்தாழ 16,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வேளாண்மைக்கு வெகுகாலம் முன்பே பானை செய்தவர்கள் இவர்கள். அதே அமோரியின் சன்னாய் மருயாமா குடியிருப்பு சுமார் கி.மு. 3900இலிருந்து கி.மு. 2200 வரை நீடித்தது. கஷ்கொட்டை, மீன், வேட்டை இவற்றை நம்பி ஓர் ஊர் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 2000க்கு முன் அச்சான நூல்களில் ஜப்பானில் ஐந்து லட்சம், ஆறு லட்சம் ஆண்டுப் பழைய கற்கருவிகள் கிடைத்ததாக இருக்கும். 2000 நவம்பரில், அகழாய்வு செய்த ஒருவரே கற்களைப் புதைத்துவைத்ததைப் பத்திரிகை ஒன்று படம்பிடித்து வெளியிட்டது. அந்த இடங்கள் அனைத்தும் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டன. தொல்பழங்காலத்துக்குப் பழைய புத்தகம் வாங்காதீர்கள்.

அடுத்தது யாயோய். கொரியத் தீபகற்பத்திலிருந்து நெல்லோடு மக்கள் வந்தனர். இந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதில் நூலுக்கு நூல் வித்தியாசம் இருக்கும்: கி.மு. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டு என்பது பழைய கணக்கு. 2003இல் வெளியான கார்பன் காலக்கணிப்பு அதைக் கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியது. இரண்டையும் குறித்துக்கொண்டு, நூல் அச்சான ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே இருந்த ஜோமோன் மக்களும் வந்தவர்களும் கலந்தே பிற்கால மக்கள் உருவானார்கள் என்பதை மரபணு ஆய்வும் காட்டுகிறது. ஜோமோன் மரபு பெருந்தீவு மக்களிடம் சிறு பங்காகவும், ஒக்கினாவாவில் அதைவிடக் கூடுதலாகவும், அயினு மக்களிடம் மிகக் கூடுதலாகவும் இருக்கிறது. “தூய ஒரே இனம்” என்று எழுதும் நூல் எதுவாயினும் அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடலாம்.

இந்த நூற்றாண்டுகளுக்கு எழுத்துச் சான்று வெளியிலிருந்துதான் வருகிறது. 239இல் சீனாவின் வெய் அரசுக்குத் தூது அனுப்பிய அரசி ஹிமிக்கோவைப் பற்றிச் சீனக் குறிப்பு விரிவாகப் பேசுகிறது. ஜப்பானின் சொந்த நூல்களான கோஜிக்கியும் நிஹோன் ஷோக்கியும் எழுதப்பட்டது 712, 720 ஆண்டுகளில். அவற்றில் அவர் பெயர் நேராக இல்லை. அவருடைய யாமதாய் நாடு கியூஷூவிலா கினாயிலா என்ற சண்டை இன்றும் முடியவில்லை. புதியவர் இதில் பக்கம் சாயாமல் இருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோஃபுன் காலம் என்பது சாவித்துளை வடிவப் பெருங்கல்லறைகளின் காலம். சக்காய் நகரில் உள்ள டைசென் கல்லறை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளம். அதன்பின் அசுகா: 6ஆம் நூற்றாண்டில் பௌத்தம் வந்தது, 663இல் கொரியக் கரையில் பட்ட தோல்விக்குப் பின் கோட்டைகளும் மக்கள் பதிவேடும் எழுந்தன, 701இல் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. “நிஹோன்” என்ற நாட்டுப்பெயரும் இந்தக் காலத்தில்தான் நிலைபெறுகிறது. ஆகவே அதற்கு முன் நடந்ததை எழுதும்போது “ஜப்பான்” என்பது நாம் பின்னிருந்து ஒட்டும் பெயர் என்பது நினைவிருக்கட்டும்.

நாரா (710–794) காலத்தில் நமக்கு ஒரு நெருக்கமான செய்தி உண்டு. 752இல் தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தருக்குக் கண் திறந்தவர் 736இல் அங்கே வந்த போதிசேனர். அக்கால ஜப்பானியச் சாசனம் அவரைத் தென்னிந்தியப் பிராமணத் துறவி என்கிறது. இணையத்தில் அவருக்குச் சொந்த ஊரும் தெருவும்கூடத் தருகிறார்கள். “தென்னிந்தியர்” என்பதோடு நின்றுகொள்ளுங்கள். அந்த விழாவின் பின்னணியில் இருப்பது 735–737இல் பரவிய பெரியம்மை. மக்களில் மிகப் பெரிய பங்கை அது கொண்டுபோனது.

ஹெய்யான் காலத்தை (794–1185) அரசவைக் கவிதையாக மட்டும் படிப்பது வழக்கம். பெண்கள் கையில் வளர்ந்த கானா எழுத்து ஒரு மொழிக்கே இலக்கியம் தந்தது என்பது உண்மை. ஆனால் அந்த அரசவை சில ஆயிரம் பேர். மாகாணங்களில் நிலத்தைக் காத்த ஆயுதக் குடும்பங்கள் இதே காலத்தில்தான் வளர்ந்தன.

காமகுரா காலம், அதாவது முதல் ஷோகுன் ஆட்சி, தொடங்கிய ஆண்டு எது? பழைய பாடநூல் 1192 என்னும். ஜப்பானியப் பிள்ளைகள் அதை “நல்ல நாட்டை அமைப்போம்” என்ற எண்-வாக்கியத்தால் மனப்பாடம் செய்தார்கள். இன்றைய பாடநூல்கள் 1185 என்கின்றன. அந்த ஆட்சியை நிறுவிய யொரிதோமோ ஷோகுன் பட்டம் பெற்றது 1192, மாகாணங்களுக்குக் காவல் அதிகாரிகளை நியமிக்கும் உரிமை பெற்றது 1185. பட்டத்தைப் பார்ப்பதா, அதிகாரத்தைப் பார்ப்பதா என்பதே வேறுபாடு. மங்கோலியர் 1274இலும் 1281இலும் வந்தார்கள். நடுவில் 1276இல் ஹகாட்டா விரிகுடாவில் சுமார் 20 கிலோமீட்டர் கல்மதில் எழுப்பினார்கள். மங்கோலியக் கப்பல்களைச் சிதைத்த புயலை மட்டும் சொல்லி மதிலை விட்டுவிடும் நூல்கள் பல. போர் வென்றும் பங்கிடப் புதுநிலம் இல்லை; கூலி கிடைக்காத வீரர்களின் மனக்கசப்பில் ஆட்சி தளர்ந்து 1333இல் விழுந்தது.

முரோமாச்சி காலத்தின் ஓனின் போர் (1467–1477) கியோட்டோவை எரித்தது. பின் ஒரு நூற்றாண்டு ஊருக்கு ஊர் போர். 1543இல் தனேகாஷிமாவில் துப்பாக்கி வந்தது. 1549இல் ககோஷிமாவில் இறங்கிய பிரான்சிஸ் சேவியர், சில ஆண்டுகளுக்கு முன் நம் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆள். சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றுபடுத்திய நோபுநாகா, ஹிதேயோஷி, இயேயாசு என்ற மூவரில் ஷோகுன் ஆனவர் இயேயாசு ஒருவரே (1603). முதல் இருவரை ஷோகுன் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ஹிதேயோஷியின் 1588 ஆணை உழவரிடமிருந்து வாளைப் பறித்தது. சாமுராயும் உழவரும் தனித்தனி மக்களாகப் பிரிந்தது இங்கேதான்.

எடோ காலத்தில் (1603–1868) கொஞ்சம் நீண்ட நேரம் தங்குங்கள். இன்றைய ஜப்பானின் பழக்கங்கள் பலவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. சாமுராய்களும் அவர்கள் குடும்பங்களும் மக்களில் ஏறத்தாழ 6–7 விழுக்காடு. மீதி உழவர், மீனவர், கைவினைஞர், வணிகர். கிறிஸ்தவ ஒழிப்புக்காக ஒவ்வொரு வீட்டையும் ஒரு பௌத்தக் கோயிலில் பதியச்செய்தார்கள். அந்தப் பதிவேடுகளே இன்று பிறப்பு, இறப்பு, திருமணம், வேலைக்குப் போன ஊர் என்று சாதாரண மக்களின் வாழ்வைக் காட்டும் பெரும் களஞ்சியம். இவற்றின் வெளியே, தோல் பதனிடல், பிணம் அகற்றல் போன்ற வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டு, தீட்டுக்காரர் என்று தனிப் பதிவேட்டில் வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்ட எடோ வரலாறு பாதி வரலாறு.

“நாடு பூட்டிக் கிடந்தது” என்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். நான்கு வாசல்கள் திறந்திருந்தன: நாகசாகி வழியே டச்சுக்காரரும் சீனரும், ட்சுஷிமா வழியே கொரியா, 1609இல் ரியூக்யூவை அடக்கிய தென் கியூஷூவின் சட்சுமா சிற்றரசு வழியே அந்தத் தீவுகள், ஹொக்கைடோவின் தென்முனையில் இருந்த மட்சுமாயே சிற்றரசு வழியே அயினு நிலம். மட்சுமாயேயில் நெல் விளையாததால் கோக்கு கணக்கே அதற்கு இல்லை. அயினுவோடு வணிகம் செய்யும் தனியுரிமையே அதன் வருமானம்.

மெய்ஜியில் எல்லைகள் திரும்ப வரையப்படுகின்றன. 1869இல் ஹொக்கைடோ, 1871இல் தீட்டுப் பிரிவை ஒழிக்கும் ஆணை, 1872இல் நாடு முழுதுக்கும் குடும்பப் பதிவேடு, 1875இல் எல்லோருக்கும் குடும்பப்பெயர் கட்டாயம், 1879இல் ரியூக்யூ அரசு ஒழிப்பு, 1895இல் தைவான், 1910இல் கொரியா. இந்த ஏழு ஆண்டுகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். பேரரசின் “குடிமக்கள்” என்று யாரெல்லாம் சேர்க்கப்பட்டார்கள் என்பது தெரியும். ஆணை வந்தபின்னும் 1872 பதிவேட்டில் சில ஊர்களில் பழைய சாதிக் குறிப்பு ஏறியது. திருமணத்துக்கும் வேலைக்கும் ஆட்களைச் சலித்துப் பார்க்க அதைப் பயன்படுத்தியதால் 1968இல் அந்தப் பதிவேடு பொதுப்பார்வையிலிருந்து மூடப்பட்டது. குடும்ப வேர் தேடுபவர் அதைக் கேட்டு அலுவலகம் ஏறுவது வீண். அதற்குப் பிந்தைய பதிவேடுகளை வாரிசுகள் கேட்டுப் பெறலாம். அயினு மக்களைப் பழங்குடி என்று சட்டம் ஏற்றது 2019இல்தான்.

போர்க்காலத்தை 1941இல் தொடங்காமல் 1931இல் தொடங்குங்கள்; மஞ்சூரியா இல்லாமல் பேர்ல் ஹார்பர் புரியாது. மலாயாத் தமிழருக்கு இது குடும்ப வரலாறும்கூட. 1942–43இல் போட்ட சுமார் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். 1945 ஆகஸ்ட் 15 பேரரசரின் வானொலி உரை, செப்டம்பர் 2 சரணடைவுக் கையெழுத்து. இரண்டையும் குழப்பாதீர்கள். நேச நாட்டு ஆக்கிரமிப்பு முடிந்தது 1952 ஏப்ரல் 28. ஒக்கினாவாவுக்கு அன்று விடிவில்லை. அது திரும்பியது 1972 மே 15.

தமிழ் வாசகருக்குத் தனியாக

நீங்கள் முதலில் சந்திக்கப்போவது தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்ற கருத்தாக இருக்கும். சுசுமு ஓனோ என்ற மொழியறிஞர் பல ஆண்டுகள் உழைத்து முன்வைத்தது அது. சொற்களை மட்டுமல்ல, பொங்கலையும் ஜனவரி நடுவில் வரும் ஜப்பானியச் சடங்குகளையும் ஒப்பிட்டார். அவர் தமிழ்மேல் வைத்த அன்பு மதிக்கத்தக்கது. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. முறையான ஒலி ஒப்புமை போதவில்லை என்பதும், மக்கள் கடந்துவந்ததற்கான தொல்லியல் தடம் இல்லை என்பதும் காரணங்கள். “நாங்கள்தான் அவர்கள் மூதாதை” என்ற முடிவோடு படிக்கத் தொடங்கினால் ஜோமோன் பானையும் யாயோய் கழனியும் கண்ணில் படாமலே போய்விடும்.

எந்த வேகத்தில்

முதல் வாரம் வரைபடமும் நெங்கோவும். இரண்டு, மூன்றாம் வாரங்கள் ஜோமோனிலிருந்து கோஃபுன் வரை. நான்காவது அசுகாவும் நாராவும். ஐந்தாவது ஹெய்யான். ஆறு, ஏழு காமகுராவும் முரோமாச்சியும். எட்டு, ஒன்பது, பத்து முழுக்க எடோ. மீதி இரண்டு வாரம் மெய்ஜி முதல் 1972 வரை. ஒவ்வொரு வார முடிவிலும் முதல் நாள் வரைந்த தாளை எடுத்து அந்தக் காலத்து எல்லையைப் புதுநிறத்தில் போடுங்கள். ஜப்பானுக்கே போக வாய்த்தால் டோக்கியோவில் நிறுத்திவிடாமல் சிபாவின் சக்குரா நகரில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். அதன்பின் யாயோய் ஊரைக் காணக் கியூஷூவின் யொஷினோகாரி, அயினு மக்கள் தங்கள் வரலாற்றைத் தாமே சொல்வதைக் கேட்க ஹொக்கைடோவின் ஷிராஓயில் 2020இல் திறந்த உபொபொய் என்ற அயினு அருங்காட்சியக வளாகம்.